படகு வாங்கலாமா, ரெண்டாவது ஷெட் போடலாமா: பெரிய முடிவை வரிசையா எடுக்க முழு வழிகாட்டி

ராமநாதபுரம் பக்கம் மண்டபம்ங்கற ஊருல நமக்கு ஒரு நண்டு ஷெட்டு, அதான் நண்டை அவிச்சு சதை எடுக்குற எடம், கூட கருவாட்டு யாவாரம். ரெண்டாவது ஷெட் போடலாமா, படகு வாங்கலாமா, ஐஸ் மிஷின் எடுக்கலாமா, இந்த ஆளை மேனேஜரா வைக்கலாமான்னு கேட்டு வர்ற தம்பிமாருக்கு ஒவ்வொரு தடவையும் வாயால சொல்லிச் சொல்லி தொண்டை காஞ்சுபோச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். மனுசன் எப்படி எடை போடுறான், எங்க ஏமாறுறான்னு மனோதத்துவக்காரங்க எழுபது வருசத்துக்கு மேலா சோதிச்சுப் பாத்தது நிறைய இருக்கு, அதுல ஷெட்டுக்கும் படகு கட்டுற ஜெட்டிக்கும் ஒத்து வர்றதை மட்டும் எடுத்திருக்கேன்.

இதுல உள்ள ஒவ்வொரு ஸ்டெப்பும் தனியா பாத்தா சின்ன வேலைதான். ஆளுக சறுக்குறது வரிசையில. நாலாவதா செய்ய வேண்டியதை மொதல்ல செஞ்சுட்டு வந்து, "அண்ணே நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், ஒண்ணும் மாறலியே"ன்னு நிப்பாக. மாறாதுப்பா, அவிச்ச நண்டை திரும்ப உயிரோட கூடையில போட முடியாதுல்ல.

## ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

ஒரு 80 பக்க நோட்டு. போன்ல எழுதுறேன்னு சொல்லாதீங்க, போன்ல எழுதுனதை அப்புறம் அழிச்சு மாத்தலாம், மாத்துவீங்க. நோட்டுல அடிச்சா அடிச்சது தெரியும்.

போன 12 மாச வரவு செலவு. 12 மாசம்னா தடைக்காலமும் சேத்து, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கட்டிக் கெடக்குற அந்த 61 நாளையும் சேத்து. நிறைய பேரு ஆகஸ்ட் இல்லாட்டி செப்டம்பர், ஒரு மாசக் கணக்கை 12-ஆல பெருக்கிட்டு வந்து உக்காருறாக. வீட்டுச் செலவும் ஷெட்டுச் செலவும் ஒரே டப்பாவுல இருந்து போகுதுன்னா மொத வேலை அதைப் பிரிக்கிறதுதான், அது பிரியாம கீழ உள்ள எதுவும் நடக்காது.

மூணு ஆளு. ஒருத்தர் பணம் பாக்குறவர், ஒருத்தர் வேலை பாக்குறவர், ஒருத்தர் இதுல அஞ்சு காசு லாபமோ நட்டமோ இல்லாத வெளியாளு. தரகர் இந்த மூணுல வரக்கூடாது. கடன் குடுக்கப்போற மாமனாரும் வரக்கூடாது, அவுக நல்லவுகதான், ஆனா அவுக பணம் உள்ள நிக்கிது.

அப்புறம் பத்து நாள் டைம். "அண்ணே இன்னொரு பார்ட்டி நிக்கிறாரு, சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டுருங்க"ன்னா அந்த நிமிசமே பதில் வேண்டாம்தான். பத்து நாள் தாங்காத யாவாரம் பத்து வருசம் தாங்குமான்னு அவர்கிட்டயே கேளுங்க. இன்னொண்ணு, நாள் பாத்து உக்காருங்க, நான் சொல்றது பஞ்சாங்கத்தை இல்ல. பக்கத்து ஜெட்டியில ஒருத்தருக்கு இறால் அள்ளிக் குடுத்த வாரம் ஊருல எல்லாருக்கும் படகு வாங்கணும், ஒரு படகு இலங்கைக் கடற்படைகிட்ட பிடிபட்ட வாரம் எல்லாருக்கும் படகை விக்கணும். கண்ணு முன்னாடி நடந்ததை மனசு பெருசாக்கிக் காட்டும், கடல் என்னமோ ரெண்டு வாரமும் அதே கடல்தான்.

## 1. இது உள்ளுணர்வுக்கு உள்ள முடிவா, நோட்டுக்கு உள்ள முடிவான்னு பிரிங்க

எல்லா முடிவுக்கும் நோட்டைத் தூக்கிட்டு உக்காந்தா ஏலம் முடிஞ்சு போயிரும். காலையில கணவாய் மீனை என்ன விலைக்கு எடுக்கலாம்ங்கறதுக்கு உங்க கையும் கண்ணும் போதும்.

எங்க தெருவுல ஒரு சம்மாட்டி, அதான் படகு மொதலாளி, இருக்காரு, நாப்பது வருசம் கடலுக்குப் போனவரு, கச்சான் காத்து திரும்பப் போகுதுன்னா வாசல்ல உக்காந்துக்கிட்டே சொல்லிருவாரு. வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்குனா தென்கடல்ல (மன்னார் வளைகுடாப் பக்கம்) எங்க வலை போடணும்னும் சொல்லுவாரு, பெரும்பாலும் தப்பாது. அதே ஆளு அதே தெம்புல கல்யாண மண்டபம் கட்டுனாரு. இப்ப அதுல கருவாட்டுச் சாக்கு அடுக்கி வச்சிருக்காக, வாடகைக்கு எடுத்திருக்கிறது நான்தான்.

காத்துல அவர் தப்பு பண்ணுனா அன்னைக்கே அடி விழுந்துரும், மறுநாள் திருத்திக்கலாம், இப்படி ஆயிரக்கணக்கான தடவை பழகி வந்த அறிவு அது. மண்டபம் வாழ்க்கையில ஒரு தடவை கட்டுறது, தப்புன்னு தெரியவே அஞ்சு வருசம் ஆகும். கேரி க்ளைன்னு ஒரு மனோதத்துவக்காரரு, அனுபவசாலியோட உள்ளுணர்வை நம்பலாம்ங்கற கட்சி. டேனியல் கானமன்னு இன்னொரு மனோதத்துவக்காரரு, அதை நம்பி ஏமாறாதங்கற கட்சி. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து 2009-ல ஒரு கட்டுரை எழுதுனாக, அதுல ஒத்துப்போன விசயம் இதுதான்: சூழ்நிலை ஒரு ஒழுங்குல திரும்பத் திரும்ப வரணும், செஞ்சது சரியா தப்பான்னு பழகிக்க வாய்ப்பும் கெடைக்கணும், ரெண்டும் இருந்தாத்தான் உள்ளுணர்வு தேறும். நெஞ்சுல எம்புட்டு உறுதியா இருக்குங்கறது ஒரு கணக்கே இல்ல.

அதனால ஒரே கேள்வி. இது மாதிரி முடிவை நான் ஒரு இருபது தடவையாச்சும் எடுத்து, ஒவ்வொண்ணோட ரிசல்ட்டையும் பாத்திருக்கேனா? ஆமான்னா போங்க, இந்த வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம். இல்லன்னா, அதோட பணமும் திரும்பி வராத மாதிரி உள்ள போகுதுன்னா, நோட்டை எடுங்க.

## 2. யாருகிட்டயும் வெல கேக்குறதுக்கு முன்னாடி உங்க நம்பரை எழுதுங்க

இதை ரெண்டாவதா வச்சதுக்கு நான் குடுத்த கூலி ரெண்டு லட்சம்.

ஒரு பழைய குளிர்பெட்டி வண்டி வெலைக்கு வந்துச்சு. விக்கிறவரு ஒம்பது லட்சம்னாரு. நான் விடுவேனா, டீக்கடையில ரெண்டு மணி நேரம் பேசி 7,60,000-க்கு இறக்குனேன், வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எம்மேல எனக்கே ஒரே பெருமை. ஆறு மாசம் கழிச்சு உக்காந்து கணக்குப் போட்டேன். வாடகை வண்டின்னா டீசல் டிரைவர் எல்லாம் சேத்து ட்ரிப்புக்கு 3,000, மாசம் 14 ட்ரிப்பு, 42,000. சொந்த வண்டிக்கு டீசல், சம்பளம், இன்சூரன்ஸ், ரிப்பேர்னு மாசம் 31,800 போகுது. மிச்சம் 10,200. தடைக்காலத்துல சரக்கு சுருங்கிரும், அதனால வருசத்துக்கு பத்து மாசம்னே வச்சுக்கங்க, 1,02,000. அஞ்சு வருசத்துக்கு 5,10,000. கடைசியில வித்தா ஒரு லட்சம் வரும்னாலும், வட்டியைக் கழிச்சா அந்த வண்டிக்கு நான் அஞ்சரைக்கு மேல குடுத்திருக்கவே கூடாது.

ஒம்பதுல இருந்து எம்புட்டு இறக்குனேன்னு பாத்தேனே ஒழிய எனக்கு அது எம்புட்டு பெறும்னு பாக்கவே இல்ல. கானமனும் அவர் கூட்டாளி அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974-ல எழுதுன கட்டுரையில ஒரு சோதனை இருக்கு. ஒரு சக்கரத்தைச் சுத்தி விடுவாக, அது 10-ல இல்லாட்டி 65-ல நிக்கும். அப்புறம் ஐ.நா.வுல ஆப்பிரிக்க நாடுக எத்தனை சதவீதம்னு கேப்பாக. 10-ஐப் பாத்தவுக நடுவாப்புல 25-ன்னாக, 65-ஐப் பாத்தவுக 45-ன்னாக. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுன்னு தெரிஞ்சும் மனசு அங்க போயி நங்கூரம் போட்டுருச்சு. சம்பந்தமே இல்லாத நம்பருக்கே இந்தக் கதின்னா, வெல சொல்றவரோட நம்பர் என்ன பாடு படுத்தும்.

அதனால வெல கேக்கப் போறதுக்கு முன்னாடி, வண்டியைப் பாக்குறதுக்கும் முன்னாடி, நோட்டுல எழுதுங்க: எனக்கு இது எம்புட்டு பெறும், அதிகபட்சம் எம்புட்டு, எந்த நம்பருக்கு மேல எந்திருச்சு வந்துருவேன். கணக்கையும் பக்கத்துலயே போடுங்க, வெறும் நம்பர் மட்டும் இருந்தா பேரம் சூடாகும்போது "சும்மா எழுதுனதுதானே"ன்னு தோணிரும்.

இங்க நடக்குற தப்பு ஒண்ணு. "மார்க்கெட் ரேட்டு தெரியாம எப்படிண்ணே எழுதுறது, சும்மா ஒரு போன் போட்டு கேட்டுட்டு எழுதுறேன்"ம்பாக. கேட்டதுக்கு அப்புறம் எழுதுற நம்பர் உங்க நம்பர் இல்ல.

## 3. உங்க கதையை விடுங்க, மத்தவுக ஷெட்டை எண்ணுங்க

என் ரெண்டாவது ஷெட்டு தேவிபட்டினம் பக்கம். மூணு மாசத்துல ஓடிரும்னு நெனச்சேன். ஒவ்வொரு வேலையா கூட்டிப் பாத்துத்தான் சொன்னேன், சும்மா இல்ல: ஷெட்டு இத்தனை நாள், தளம் இத்தனை நாள், கரண்டு இத்தனை நாள். ஏழரை மாசம் ஆச்சு. ஐப்பசியில மழை புடிச்சு தளம் காயல, அப்புறம் கரண்டு, அப்புறம் பாய்லர் வர்றதுக்குள்ள தை வந்துருச்சு.

திட்டம் போடும்போது நம்ம மனசு நம்ம வேலையோட கதையை மட்டும் ஓட்டிப் பாக்கும், இடையில என்னென்ன குறுக்க வரும்ங்கறதை ஓட்டாது. 1994-ல வந்த ஒரு ஆய்வுல காலேஜ் பசங்ககிட்ட ஆய்வேட்டை எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாக, சராசரியா 34 நாள்னாக, ஆனது 55 நாள். பசங்களுக்கு எழுதுற வேலை, நமக்கு சிமெண்டு வேலை, அம்புட்டுதான் வித்தியாசம்.

இதுக்கு மருந்து, உங்க திட்டத்தை மூடி வச்சுட்டு மத்தவுகளை எண்ணுறது. மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் போன பத்து வருசத்துல புதுசா போட்ட ஷெட்டு ஒரு பத்தை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு கட்டம்: தொறக்க எத்தனை மாசம் ஆச்சு, சொன்ன செலவை விட எம்புட்டு கூடுச்சு, இன்னும் ஓடுதா. அந்தப் பத்துல நடுவுல நிக்கிற நம்பர்தான் உங்க ஆரம்ப நம்பர். நம்ம சாமர்த்தியத்துக்கு வேணும்னா அதுல கொஞ்சம் குறைச்சுக்கங்க, கொஞ்சம்தான்.

பத்து பேரை எண்ணச் சொன்னா ஆளுக ஓடுற ஷெட்டா பாத்து பத்து எழுதிட்டு வருவாக, ஏன்னா ரோட்டுல போகும்போது கண்ணுல படுறது அதுதானே. மூடுன ஷெட்டுல கருவேலம் மொளச்சிருக்கும், போர்டு இருக்காது. அதைக் கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு, ஐஸ் போடுறவர்கிட்ட போயி உக்காருங்க. மூடுன ஷெட்டு பூராவும் அவரு பாக்கி நோட்டுல இருக்கும். தராசு ரிப்பேர் பாக்குறவருக்கும் தெரியும். எனக்கு அந்தத் தராசுக்காரர் ஒரு டீ குடிக்கிற நேரத்துல நாலு பேரு சொன்னாரு, அதுல ரெண்டு பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல.

## 4. தனித்தனியா கேளுங்க, நீங்க கடைசியா வாயைத் தொறங்க

ரொம்பச் சுலபமா தெரியிற ஸ்டெப்பு இது, ஒழுங்கா செஞ்ச ஆளை நான் இன்னும் ஒரு கை விரலுக்குள்ளதான் பாத்திருக்கேன்.

அந்த ரெண்டாவது ஷெட்டுக்கு நானும் கூட்டம் போட்டேன். நாலு பேரு, பிளாஸ்டிக் சேரு, டீ, வடை. நான்தான் ஆரம்பிச்சேன், "மாசம் எப்படியும் எட்டு டன்னு நண்டு வரும்னு நெனக்கிறேன், நீங்க என்ன சொல்றீக?" எல்லாரும் தலையை ஆட்டுனாக, ஒருத்தரு "பத்து கூட வரும் மொதலாளி"ன்னாரு. எங்க கணக்குப்பிள்ளை மட்டும் கால்குலேட்டர்ல ஏதோ தட்டிக்கிட்டு இருந்தாரு. நான் எட்டுன்னு சொன்ன உடனே அதை அமத்திட்டு வடையை எடுத்தாரு. ஒரு வருசம் கழிச்சு பழைய எடைச்சீட்டுக் கட்டைப் பிரிச்சப்ப அந்த நாள் தேதி போட்ட ஒரு சீட்டு பின்னாடி பென்சில்ல அவர் கையெழுத்து: "4½ - 5". நடந்ததும் அம்புட்டுதான், அஞ்சு கூட தொடல. ஏண்ணே அன்னைக்கே சொல்லலன்னு கேட்டேன். "நீங்கதான் முடிவு பண்ணிட்டீகளே தம்பி"ன்னாரு. நான் எங்க முடிவு பண்ணேன், அபிப்ராயம்தானே கேட்டேன்னு எனக்குக் கோவம், அவர் காதுல விழுந்தது மொதலாளி சொன்ன நம்பர்.

சாலமன் ஆஷ்னு ஒருத்தரு 1950-கள்ல கோட்டோட நீளத்தைக் காட்டி சோதிச்சாரு. சின்னப் புள்ளைக்குக் கூட தெரியிற பதிலு, ஆனா முன்னாடி பேசுறவுகளை எல்லாம் வேணும்னே தப்பா சொல்ல வச்சாக. மூணுல ஒரு தடவை கணக்கா நல்ல கண்ணு உள்ள ஆளும் கூடச் சேந்து தப்பாவே சொன்னாக. ஒரே ஒரு ஆளு சரியா சொல்லிட்டா போதும், அந்த ஒத்து ஊதுறது பயங்கரமா குறைஞ்சிருச்சு. அங்க சம்பளம் குடுக்குறவரு கூட யாரும் இல்ல, வெறும் முன்னபின்ன தெரியாத ஆளுக. நம்ம ஷெட்டுல தீபாவளி போனஸ் குடுக்குறவரே மொதல்ல பேசுறாரு, அப்ப எப்படி இருக்கும்.

செய்யிற முறை இது. கூட்டத்துக்கு மொத நாள் மூணு பேருக்கும் ஒரே மாதிரி மூணு கேள்வி உள்ள சீட்டு குடுங்க: மாசம் எம்புட்டு சரக்கு வரும், எதுல அடி விழும், நீங்களா இருந்தா செய்வீகளா. நம்பர் கேட்டா நம்பர்தான் வேணும், "நல்லா வரும்"ங்கறது பதில் இல்ல. மறுநாள் சீட்டை வாங்கி, பேரு சொல்லாம நம்பரை மட்டும் பலகையில எழுதுங்க. நாலரையும் எட்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது பேச்சு தானா வரும். பேச விடும்போது சின்னவுகளை மொதல்ல விடுங்க. நீங்க கேள்வி மட்டும் கேளுங்க, உங்க நம்பர் நோட்டுக்குள்ளயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குரூப்புல கேக்காதீங்க. மொதல்ல பதில் போட்டவரு பின்னாடி கட்டைவிரலா வரிசை கட்டி நிக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் அனுப்பச் சொல்லுங்க.

சதை எடுக்குற பொம்பளையாளுககிட்ட கேக்க மறந்துராதீங்க. ஆம்பளைக உக்காந்திருக்குற கூட்டத்துல அவுக வாயைத் தொறக்க மாட்டாக, தொறந்தாலும் "உங்களுக்குத் தெரியாததாண்ணே"ம்பாக. நான் எங்க வீட்டுக்காரம்மாவை விட்டுக் கேக்கச் சொல்லுவேன், கேட்டுட்டு வந்து சொல்றது சில நாள் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆள் எடுக்குற முடிவுக்கும் இதே மொறைதான். நேர்மை, கணக்கு, நேரத்துக்கு வர்றது, ஆளுகளை நடத்துறதுன்னு நாலஞ்சு தலைப்புல தனித்தனியா மார்க் போட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் "மொத்தத்துல ஆளு எப்படி"ன்னு யோசிக்கணும். மொதல்லயே மொத்தத்தை யோசிச்சா, நம்ம ஊருக்காரன், பேச்சு நல்லாருக்குங்கற ஒண்ணு எல்லா மார்க்கையும் தூக்கி விட்டுரும்.

## 5. நட்டப்பட்டு மூடியாச்சுன்னு வச்சுக்கிட்டு காரணத்தை எழுதுங்க

இது கேரி க்ளைன் சொன்ன மொறை, 2007-ல எழுதுனாரு. "என்ன தப்பு நடக்கலாம்"னு கேட்டா ஆளுக பட்டும் படாமலும் சொல்லுவாக. "ஒரு வருசம் ஆச்சு, ஷெட்டு மூடியாச்சு, பூட்டு தொங்குது, ஏன் மூடுச்சு?"ன்னு நடந்து முடிஞ்ச மாதிரி கேட்டா வாய் தொறக்கும். தப்பு சொல்றவன் துரோகி இல்ல, காரணம் கண்டுபுடிக்கிற கெட்டிக்காரன்னு ஆயிருது, அதான் சூட்சமம்.

நம்ம ஊருல இதுக்கு ஒரு தடை இருக்கு. "நல்ல காரியம் பேசும்போது ஏண்ணே அபசகுனமா"ன்னு மூத்தவுக எந்திருச்சே போயிருவாக. அதனால பூஜை போட்ட இடத்துல, வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு முன்னாடி இதைச் செய்யாதீங்க. நான் டீக்கடையில செய்வேன், அதுவும் "நம்ம ஷெட்டு"ன்னு சொல்றதில்ல, "நம்மள மாதிரி ஒருத்தன் தேவிபட்டினத்துல ஷெட்டு போட்டு மூடிட்டான், ஏன்?"னு கேப்பேன். கதை கேக்குற மாதிரி ஆளாளுக்கு ஆரம்பிச்சுருவாக.

ஆளுக்கு அஞ்சு நிமிசம், தனியா எழுதணும், அப்புறம் ஒவ்வொருத்தரும் ஒண்ணு ஒண்ணா படிக்கணும். எழுதாம பேச விட்டா மறுபடி நாலாம் ஸ்டெப்புல பாத்த கூத்துதான்.

இதை நான் அந்த ரெண்டாவது ஷெட்டுக்கு பண்ணல, மூணாவதா ஒண்ணு போடலாமான்னு யோசிச்சப்ப பண்ணேன். எங்க ஷெட்டு மேஸ்திரி அக்கா எழுதத் தெரியாதுன்னு எங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி விட்டது ஒரே வார்த்தை: தண்ணி. அந்த இடத்துல போரு போட்டா உப்பு, நண்டு கழுவ நல்ல தண்ணி டேங்கர்ல வரணும், தினம் ரெண்டு டேங்கர். நான் போட்ட கணக்குல தண்ணிங்கற வரியே இல்ல. இம்புட்டுக்கும் நான் பொறந்து வளந்தது குடத்தைத் தூக்கிட்டு அலையிற இந்த ஊருதான். அந்த மூணாவது ஷெட்டை போடல.

## 6. மொத ரூவா போறதுக்கு முன்னாடி நிறுத்துற கோட்டைப் போடுங்க

செய்யலாம்னே முடிவாகுதுன்னா, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி எழுத வேண்டியது மூணு: எந்தத் தேதி வரைக்கும் பாப்பேன், எம்புட்டு ரூவா வரைக்கும் போடுவேன், அந்தக் கோட்டைத் தாண்டுனா யாரு வந்து எனக்குச் சொல்லணும்.

அட்வான்ஸுக்கு அப்புறம் ஏன் கூடாதுன்னா, பணம் உள்ள போன நிமிசத்துல இருந்து நீங்க வேற ஆளு. இழப்போட வலி அதே அளவு லாபத்தோட சந்தோசத்தை விட சுமாரா ரெண்டு மடங்குன்னு கானமன், ட்வெர்ஸ்கி கணக்குல வருது. அந்த வலியை ஒத்துக்கிறதுக்குப் பதிலா இன்னும் கொஞ்சம் போட்டா மீட்டுரலாம்னுதான் கை போகும். பழைய எஞ்சினுக்கு மூணு தடவை ரிப்பேர் பாத்து, இம்புட்டு செலவழிச்சாச்சே இப்ப எப்படி விடுறதுன்னு நாலாவது தடவையும் மெக்கானிக்கைக் கூப்புடுறோம்ல, அது இதுதான். போன மூணு ரிப்பேரு காசு எஞ்சினை வித்தாலும் வராது, வச்சுக்கிட்டாலும் வராது. கேள்வி நாலாவது ரிப்பேருக்கு மட்டும்தான்.

மூணாவது ஐட்டத்தை, அதான் யாரு சொல்லணும்ங்கறதை, எல்லாரும் விட்டுருவாக. பாரி ஸ்டாங்கறவரு 1976-ல மேலாண்மை படிக்கிற பசங்களை வச்சு சோதிச்சாரு, கம்பெனியோட எந்தப் பிரிவுக்குப் பணம் போடலாம்னு. தான் தேர்ந்தெடுத்த பிரிவு நட்டப்பட்டப்ப ஆளுக அதுலயே கூடுதலா பணத்தைக் கொட்டுனாக, வேற ஒருத்தர் தேர்ந்தெடுத்ததுன்னா அம்புட்டு கொட்டல. அதாவது ஆரம்பிச்சு வச்ச ஆளுதான் நிறுத்துறதுக்கு லாயக்கே இல்லாத ஆளு. நம்ம ஊரு மொதலாளிக்கு கூடவே மானப் பிரச்சனை வேற, ரிப்பன் வெட்டுனப்ப ஊரையே கூப்புட்டு பிரியாணி போட்டிருப்போம்.

எனக்கு அந்த வெளியாளு கீழக்கரையில கடை பாத்துட்டு ஓய்வா இருக்குற ஒரு காக்கா, எங்க பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்புடுவோம். கோட்டை எழுதி ஒரு நகலை அவுககிட்ட குடுத்துருவேன். தேதி வந்தா போன் வரும், "தம்பி, இன்னைக்குத் தானே சொன்னீக?" அம்புட்டுதான் கேப்பாக. அதுக்குப் பதில் சொல்றது பேங்குக்குப் பதில் சொல்றதை விடக் கஷ்டம்.

கோட்டை நகத்தலாமா? நகத்தலாம், புதுசா ஒரு விசயம் தெரிய வந்தா. "இன்னும் ரெண்டு மாசத்துல சரியாயிரும்னு தோணுது"ங்கறது புது விசயம் இல்ல.

## 7. முடிவைச் சொல்லுங்க

ஒரு ராத்திரி தூங்கி எந்திருச்சு சொல்லுங்க. ஓட்டு எடுக்காதீங்க, மூணு பேரையும் கேட்டது தகவலுக்கு, பொறுப்பு உங்களோடது. யார் சொன்னதை எடுத்துக்கல, ஏன் எடுத்துக்கலன்னு அவுக முகத்தைப் பாத்துச் சொல்லிருங்க. அதைச் சொல்லாம விட்டா அடுத்த தடவை சீட்டுல "நல்லா வரும்"னு மட்டும்தான் எழுதியிருக்கும்.

## 8. நோட்டை ஆறு மாசம் கழிச்சுத் தொறங்க

என் நோட்டுல ஒரு பக்கம் இப்படி இருக்கும்: தேதி. என்ன முடிவு. என்ன நடக்கும்னு நெனக்கிறேன், நம்பரோட. நூத்துக்கு எம்புட்டு நம்பிக்கை. ஏன், ரெண்டு வரி. எப்ப தொறந்து பாக்கணும். அந்தத் தேதியை சுவத்துக் காலண்டர்லயும் எழுதிருவேன், இல்லாட்டி தொறக்கவே மாட்டோம்.

எழுதலன்னா என்ன ஆகும்னா, நடந்ததுக்கு அப்புறம் "எனக்கு அப்பவே தெரியும்"னு தோணும், பொய் சொல்லணும்னு இல்ல, நெசமாவே அப்படித்தான் ஞாபகம் இருக்கும். 1972-ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்குப் போறதுக்கு முன்னாடி, என்னென்ன நடக்கும்னு ஆளுககிட்ட சதவீதம் கேட்டு வாங்கி வச்சாக. போயிட்டு வந்த பிறகு, அன்னைக்கு நீங்க என்ன சொன்னீகன்னு கேட்டா, நடந்த விசயத்துக்கு முன்னாடி சொன்னதை விட பெரும்பாலும் கூட்டியே சொன்னாக. ஞாபகத்தை நம்பி பாடம் படிக்க முடியாது.

தொறந்து பாக்கும்போது ரெண்டு கேள்வியைக் கலக்காதீங்க. முடிவு நல்லா எடுத்தேனாங்கறது ஒண்ணு, நல்லபடி நடந்துச்சாங்கறது வேற. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துன அன்னைக்கு ஒருத்தரு வல்லத்தைக் கரையேத்தி வச்சாரு, பக்கத்து ஆளு தெரியாம கொள்ளாம கடலுக்குப் போனாரு, புயல் வேற பக்கம் திரும்பிருச்சு, போனவரு பெட்டி பெட்டியா சீலா மீனு கொண்டாந்தாரு. கரையில இருந்தவரு முட்டாள்னு ஊரு சிரிச்சுச்சு. அவர் எடுத்ததுதான் சரியான முடிவு, கையில இருந்த தகவலுக்கு. போனவருக்கு அதிர்ஷ்டம், ஆனா அவர் அதைத் தெறமைன்னு எடுத்துக்கிட்டு அடுத்த கூண்டுக்கும் போவாரு, அதான் பயமே. உங்ககிட்ட வேலை பாக்குறவுகளை எடை போடும்போது இதை ரொம்பக் கவனிக்கணும். ரிசல்ட்டுக்கு மட்டும் பாராட்டும் திட்டும் குடுத்துக்கிட்டே இருந்தா, நாலு மாசத்துல உங்க ஷெட்டுல கூண்டைப் பாத்து கரையில நிக்கிற ஆளே இருக்க மாட்டான்.

அப்புறம் அந்த "நூத்துக்கு எம்புட்டு"ங்கற கட்டத்தை மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க. 90-ன்னு போட்டது எத்தனை, அதுல எத்தனை நடந்துச்சு. எனக்கு மொத ரெண்டு வருசத்துல 90 போட்டது பதினோரு முடிவு, நடந்தது ஆறு. இப்பல்லாம் 90-ன்னு எழுத கை வந்தா 65-ன்னு எழுதிக்கிறேன்.

நோட்டை பாலித்தீன் கவர்ல போட்டு வைங்க, ஜெல் பேனா வேண்டாம். உப்புக்காத்துல என்னோட மொத நோட்டு ஈரம் ஏறி நாலஞ்சு பக்கம் ஒட்டிக்கிச்சு, பிரிச்சா மை பரவிக் கெடக்கு, அதுல ஒரு பக்கம் அந்த குளிர்பெட்டி வண்டி பக்கம்.